கிரிடோவுக்கு எதற்கு இரண்டாவது புத்தகம்?

சந்தேகப்படுகிறவர்களை உலகம் தேவையில்லாமல் திட்டுகிறது. வெகுளிகள் செய்கிற சேதத்தைவிட நாங்கள் செய்கிற சேதம் குறைவு என்றுதான் நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். பாசாரில் மீன்காரர் "இப்பத்தான் படகுலேருந்து இறங்குச்சுக்கா" என்றால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். பக்கத்து வீட்டில் கேக் கொடுத்தனுப்பினால், எதற்காகக் கொடுத்திருப்பார்கள் என்று யோசித்து முடித்த பிறகுதான் சாப்பிடுவேன். (அதற்குள் எறும்பு பாதியைத் தின்றிருக்கும்.) என் வீட்டுக்காரர் பெண் பார்க்க வந்த அன்று அம்மாவைச் சமையலறைக்குள் இழுத்து, "இந்த ஆளு ஏன் இவ்ளோ சிரிக்கிறாரு? என்னமோ இருக்கு" என்று சொன்னவள் நான். ஒன்றும் இல்லை, அவர் முகமே அப்படித்தான் என்று நம்புவதற்கு எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறக்க வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட நான் எண்பதுகளின் நடுவில் சுங்கைப் பட்டாணியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தேன். துணிக்கடைக்கு மேல்மாடி. அதுவரை அது தட்டச்சுப் பள்ளி. எங்கள் தவுக்கே, அதாவது சீன முதலாளி, ஒருநாள் தட்டச்சு இயந்திரங்களை ஓரம் கட்டிவிட்டு மூன்று கம்ப்யூட்டர்களை இறக்கினார். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. அறை குளிர ஏர்கோன் போட்டார். சிலிப்பரை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயிலில்கூட அவ்வளவு பயபக்தியை நான் பார்த்ததில்லை. ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் ஏர்கோனுக்காகத்தான் வருகிறார்கள் என்பது என் சந்தேகம். அது மட்டும் உண்மையாகவே இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டர்களோடு பினாங்கு விற்பனையாளர் ஒருவர் தவுக்கேயின் தலையில் கட்டிவிட்டுப் போன மென்பொருள் சரக்கின் பெயர் கிரிடோ. அதை என்னவென்று சொல்வது? புடலைக்குப் பந்தல் போட்டுக் கொடுப்பது மாதிரி. முழு நிரலையும் நாம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். திரையில் எந்தக் கட்டத்தில் பெயர் வர வேண்டும், எந்தக் கட்டத்தில் வயது வர வேண்டும் என்று சொல்லிவிட்டால், அதுவே ஒரு சட்டகத்தைக் கட்டிக் கொடுத்துவிடும். கொடியை ஏற்றிவிடுவது மட்டும் நம் வேலை. நல்ல சாமான்தான். ஆனால் எங்கள் வகுப்பையும் ஒன்றிரண்டு ஆலைகளையும் விட்டால் அதைச் சீந்துவார் இல்லை. கெடா மாநிலத்தில் கிரிடோ தெரிந்த அத்தனை பேரையும் ஒரே வேனில் ஏற்றி லூனாஸ் வரை கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். இடமும் மிஞ்சியிருக்கும்.

அந்த ஒரு வேன் ஆட்களுக்காக நான் ஒரு புத்தகம் எழுதினேன். தமிழில். கம்ப்யூட்டரோடு வந்த ஆங்கிலக் கையேட்டைத் தோட்டத்துப் பிள்ளைகள் திறந்து பார்த்துவிட்டு, பாம்பைப் பார்த்த மாதிரி மூடிவிடுவார்கள். அதனால் எழுதினேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். புத்தக அட்டையில் என் பெயரைப் பார்க்கிற ஆசையும் இருந்தது. தலைப்பு: 'கிரிடோ: ஒரு முழுமையான கையேடு.'

எங்கள் வகுப்பில் இன்னொரு ஆசிரியர் இருந்தார். அருள்தாஸ். என்னைவிட இளையவர், அதிகம் பேசாதவர், ஞாயிற்றுக்கிழமை எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவர். தலைப்பைக் காட்டியபோது அவர் அட்டையில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"'முழுமையான'ன்னு போடணுமா டீச்சர்?"

"ஏன்? என்னா கொறை?"

"இல்ல, கொறை ஒண்ணும் இல்ல. சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கிற மனிதர்களை நான் நம்புவதே இல்லை. அன்றைக்கே அருள்தாஸ் மேல் ஒரு கண் வைத்தேன்.

புத்தகம் வந்து ஓராண்டுக்குப் பிறகு, இன்னும் கொஞ்சம் பிரதி அடிக்கலாம் என்று அச்சகத்துக்குப் போனேன். அச்சக அண்ணன் என்னைப் பார்த்ததும் வழக்கமாக "வாங்க எழுத்தாளரே" என்பார். அன்றைக்கு "அட, டீச்சரா?" என்று சொல்லிவிட்டு, மேசை மேலிருந்த தாள்களின் மேல் டிபன் கேரியரைத் தூக்கி வைத்தார். சாப்பிட்டு முடித்த கேரியரை யாராவது தாள் மேல் வைப்பார்களா? நான் கேரியரைத் தூக்கினேன். அச்சுப் பிழை பார்ப்பதற்கான தாள்கள். மேலே கொட்டை எழுத்தில் 'கிரிடோ' என்று இருந்தது.

"என்னாண்ணே இது?"

"அது... வேற ஒருத்தரு குடுத்தது டீச்சர்."

"யாரு?"

"சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு." பாவம், அவருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. தாளின் ஓரத்தில் திருத்தம் போட்டிருந்த கையெழுத்தை நான் தினமும் வகுப்புக் கரும்பலகையில் பார்க்கிறேன். அருள்தாஸ்!

வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினேன். என் வீட்டுக்காரர் தோட்ட ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரெசர். புண்ணுக்கும் பொண்டாட்டிக்கும் ஒரே மருந்துதான் அவரிடம். பொறுமையாகத் துடைப்பார்.

"ஒரு வேன் ஆளுங்க, அவங்களுக்கு எதுக்கு ரெண்டு புத்தகம்? சொல்லுங்க!"

"வேனுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணுன்னு வச்சுக்க."

"என் புத்தகத்தக் காப்பியடிச்சிருக்கான். முழுமையானதுக்கு அப்பறம் எழுத என்னா இருக்கு? ஒண்ணும் இல்ல. அப்படின்னா காப்பிதான?"

"அவருகிட்டயே கேட்டுடேன், ரோஸ்."

நேரடியாகக் கேட்பதா? திருடனிடம் போய் "திருடினாயா" என்று கேட்டால் "ஆமாம்" என்பானா? நான் என் வழியில் விசாரித்தேன். அருள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறார். நான் போனால் தாளைத் திருப்பி வைக்கிறார். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் மோட்டர்சைக்கிளைக் குலிம் பக்கம் திருப்புகிறார். அந்தப் பக்கம் போனால் பட்டர்வொர்த், பட்டர்வொர்த்திலிருந்து பெரிப் படகு ஏறினால் பினாங்கு, பினாங்கில் புத்தகக் கடைகள். எல்லாம் பொருந்தி வந்தது. பொருந்தாமல் போனதையும் நான் தட்டிப் பொருத்தினேன்.

ஒருநாள் அவர் மீ கோரேங் என்கிற வறுத்த நூடுல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரே போய் உட்கார்ந்தேன்.

"அருள், ஒரு பேச்சுக்குக் கேக்கிறேன். நம்ம கிரிடோவுக்கு இன்னொரு புத்தகம் தேவையா?"

மீ தொண்டையில் சிக்கிக்கொண்டது. இருமினார், தண்ணீர் குடித்தார், திரும்பவும் இருமினார். "தேவைன்னு நெனைக்கிறவங்களும் இருக்கலாம் டீச்சர்."

"யாரு அவங்க?"

"பொதுவா சொன்னேன்லா" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பாதி மீ தட்டில் இருந்தது. குற்றமுள்ள நெஞ்சுக்கு மீ இறங்காது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

தவுக்கேயிடமும் போய்ப் பற்ற வைத்தேன். அவர் கொச்சைத் தமிழ் பேசுவார். "ஒரு சாமான், ஒரு புக். சுக்குப்லா டீச்சர்" என்று, போதும் என்பதை மலாயில் சொல்லிக் கையை விரித்தார். உலகமே என் பக்கம் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு காலைப் பூசை.

எங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். பூசை முடிகிற நேரத்தில் ஃபாதர் மாப்பிள்ளை, பெண் பெயர்களைச் சொல்லி, இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடிப்பார். சின்ன வயதிலிருந்து நூறு ஓலை கேட்டிருப்பேன். யாரும் எதையும் தெரிவித்ததில்லை. அந்த வரி வந்தால் பெண்கள் முக்காட்டைச் சரி செய்துகொண்டு வீட்டுச் சமையலை நினைக்கத் தொடங்குவார்கள், அவ்வளவுதான்.

அன்றைக்கு ஃபாதர் வாசித்தார். மாப்பிள்ளை நம் பங்குக் கோயிலைச் சேர்ந்த அருள்தாஸ். பெண் பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்த அந்தோணி மண்டோர் மகள் பிலோமினா. பெண் வீட்டார் இன்று நம்மோடு பூசைக்கு வந்திருக்கிறார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் ஒரே அறையில் வேலை பார்க்கிறோம், கல்யாணம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை! புத்தகத்தை ஒளித்தான், பெண்ணையும் ஒளித்தான், இன்னும் என்னென்ன ஒளித்து வைத்திருக்கிறானோ! முன் பெஞ்சில் அந்தப் பெண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். யாரோ பெற்ற பிள்ளை, இப்படி ஒரு திருடன் கையில் மாட்டப்போகிறதே என்று நெஞ்சு பதறியது. அந்த நேரம் பார்த்து ஃபாதர், "தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள்..." என்றார். கடமை என்கிறாரே! எனக்குத் தெரிந்திருக்கிறதே! நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாவம் யாருக்கு?

(அந்தக் காலத்தில் எங்கள் கோயிலில் பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். என் வீட்டுக்காரர் நடைவழிக்கு அந்தப் பக்கம் இருந்தார். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருந்தால் என் வரலாறே வேறு.)

எழுந்து நின்றேன்.

"தடை இருக்கு ஃபாதர்."

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார். "டீச்சர், உக்காருங்க. எதுவா இருந்தாலும் பூசை முடிஞ்சு..."

"தெரிவிக்கக் கடமைன்னு நீங்கதான ஃபாதர் வாசிச்சீங்க? தெரிவிக்கிறேன். இவரு திருடரு."

ஆர்மோனியத்திலிருந்து ஒரு சுரம் மட்டும் தனியாகக் கேட்டது. அருள் கட்டை மேல் சாய்ந்துவிட்டார் போலிருக்கிறது.

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர், "என்னத்தத் திருடுனாரு?" என்று கேட்டார்.

"கிரிடோ!" என்றேன்.

அருளையும் என்னையும் தவிர அங்கிருந்த யாருக்கும் கிரிடோ என்றால் என்னவென்று தெரியாது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். வேறு வேன் ஆட்கள் யாரும் எங்கள் பங்கில் இல்லை. எனக்குப் பின்னாலிருந்த பெண்கள் மெல்லப் பேசத் தொடங்கினார்கள்.

"கிரிடோன்னா என்னாக்கா?"

"மோட்டர்சைக்கிளா இருக்கும்."

"அடப்பாவி! வெளிய நிக்குதே, அதுவா?"

இது வாய் விட்டு வாய் பறந்து, நான் அடுத்த வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் முன் பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பெண்ணின் அப்பா எழுந்தார். அந்தோணி மண்டோர், தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற கங்காணி. மலைக்காட்டில் ஒரு குரல் கொடுத்தால் அடுத்த தோட்டத்து ஆட்களும் வேலைக்கு வருவார்கள் என்று சொல்லக்கூடிய குரல்.

"ஃபாதர், ஓலைய இதோட நிறுத்துங்க. மோட்டர்சைக்கிள் திருடனுக்கு என் பொண்ணக் குடுக்க மாட்டேன்!"

"மோட்டர்சைக்கிள் இல்லீங்க, புத்தகம்" என்று நான் கத்தினேன். கேட்பார் இல்லை. அந்தப் பெண் அழத் தொடங்கியிருந்தாள். அவசர அவசரமாக ஆசீர்வாதம் கொடுத்துவிட்டு, ஃபாதர் எங்களையெல்லாம் தன் அறைக்கு வரச் சொன்னார்.

அங்கே முதலில் எனக்குத்தான் திட்டு கிடைத்தது. "டீச்சர், தெரிவிக்கிறதுன்னா இங்க வந்து எங்கிட்டத் தனியா தெரிவிக்கிறது. நான் சாமியாராகி இத்தன வருசத்துல இப்படி எழுந்து நின்ன ஆள் நீங்க ஒருத்தர்தான்." பிறகு நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஆக, மோட்டர்சைக்கிள் இல்ல" என்றார்.

"இல்ல ஃபாதர். என் புத்தகத்தக் காப்பியடிச்சிட்டாரு."

அருள் தோள்பையிலிருந்து அச்சுத் தாள்களை எடுத்து என்னிடம் நீட்டினார். வாங்கி முதல் பக்கத்தைப் படித்தேன். 'இந்த நூலைத் தொடங்கும் முன் ரோஸ் டீச்சரின் கையேட்டை முழுவதும் படிக்கவும். ஐம்பத்து மூன்றாம் பக்கத்தைத் தவிர.'

"என்னா ஐம்பத்து மூன்றாம் பக்கம்?" என்று எகிறினேன். "அதுல என்னா தப்பு? வாங்க வகுப்புக்கு. இப்பவே செஞ்சு காட்டுறேன்!"

பூசைக்கு வந்த ஆடைகளோடு ஊர்வலமாகப் போனோம். ஃபாதர், மண்டோர், அவர் மனைவி, பெண், அருள், என் வீட்டுக்காரர், எல்லோரும் துணிக்கடை மாடியேறி வாசலில் சிலிப்பரைக் கழற்றினோம். மண்டோர் கோபத்திலும் தன் பூட்ஸை அழகாக ஓரம் சேர்த்து வைத்தார். நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன்.

"மண்டோர், உங்க வீட்டுல யார் யாருன்னு சொல்லுங்க."

அவர் முறைத்தபடியே சொன்னார். மனைவி, மூத்தவன், மருமகள், பிலோமினா, கடைசிப் பையன். எல்லோரையும் பச்சை எழுத்தில் ஏற்றினேன். தன் பெயர் திரையில் மின்னுவதைப் பார்த்ததும் மண்டோர் முகம் கொஞ்சம் இளகியது. மனைவியைக் கிட்டே கூப்பிட்டு, "இது நீ" என்று காட்டினார்.

"இப்ப வயசுக்கு ஒரு கட்டம் சேக்கணும். எப்படி? என் புத்தகம் சொல்ற மாதிரி, 'புதிதாகக் கட்டு.'" பொத்தானைத் தட்டினேன்.

பந்தல் புதிதாக எழுந்தது. பெயருக்கு ஒரு கட்டம், வயதுக்கு ஒரு கட்டம், கோடு பிசகாமல். உள்ளேதான் ஒருவரும் இல்லை.

மண்டோர் திரைக்கு அருகில் குனிந்து தேடினார். "ஐயோ, என் குடும்பத்தையே காணோமே!"

எனக்கு உள்ளங்கை வியர்த்தது, அந்த ஏர்கோனிலும். ஒரு கம்பு கூடுதலாக நட வேண்டும் என்றால், பழைய பந்தலைக் கொடியோடு பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன். 'சேர்த்துக் கட்டு' என்று இன்னொரு வழி இருக்கிறது. அதை நான் தொட்டதே இல்லை. வகுப்பில் எப்போதும் கட்டங்களையெல்லாம் போட்டு முடித்த பிறகுதான் பெயர் ஏற்றச் சொல்வேன். அதனால் எனக்கு ஒருநாளும் எதுவும் காணாமல் போகவில்லை.

"எங்க ஆலையிலயும் இப்படித்தான் போச்சு டீச்சர்." முதல் தடவையாகப் பிலோமினா பேசினாள். அவள் தோட்டத்து ரப்பர் ஆலை ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கிறாள், அங்கேயும் கிரிடோ இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். "ரப்பர்ப் பால் கொண்டாந்து ஊத்துற சின்னத் தோட்டக்காரங்க பேரு எல்லாம் ஏத்தி வச்சிருந்தேன். உங்க புக்கப் பாத்துதான் ஒரு கட்டம் சேத்தேன். அம்புட்டும் போச்சு. வேல போயிடும்னு பயந்து இங்க போன் பண்ணேன். அன்னிக்கு இவருதான் எடுத்தாரு."

அருள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சனிக்கெழம சனிக்கெழம போயித் திரும்ப ஏத்திக் குடுத்தேன் டீச்சர். அவங்க பேரு வாசிப்பாங்க, நான் தட்டுவேன்."

"எல்லாப் பேரும் எப்பவோ ஏத்தி முடிச்சாச்சு" என்றாள் பிலோமினா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆனா இவரு வர்றத நிறுத்தல."

மண்டோர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அது புதுச் செய்தி என்று தோன்றியது.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "தப்புன்னு தெரிஞ்சா எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே அருள்? எதுக்கு ஒளிச்சு வச்சு இன்னொரு புத்தகம்?" என்று கேட்டேன்.

ஃபாதர் ஏர்கோனைப் பார்த்தார். கடைசியில் என் வீட்டுக்காரர்தான், என்றைக்கும் போலப் பொறுமையாக, "உங்கிட்ட யாரு ரோஸ் சொல்றது?" என்றார்.

அவமானமாக இருந்தது. காலையில் கோயில் நடுவே நின்றபோது வராத அவமானம், அந்த ஒரு கேள்வியில் வந்து உட்கார்ந்துகொண்டது. என் பிள்ளைகள்கூட, நான் போட்டுக் கொடுத்த கணக்கு தப்பு என்று பள்ளிக்கூட டீச்சர் சொன்னால் அப்பாவிடம்தான் போய்ச் சொல்வார்கள் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. அருளிடம் மன்னிப்புக் கேட்டேன். வார்த்தை சரியாக வரவில்லை, ஆனால் கேட்டேன்.

அருள் உடனே "பரவால்ல டீச்சர்" என்றார். மண்டோருக்குப் பரவாயில்லை என்று தோன்றவில்லை.

"தம்பி நல்லவருன்னு எனக்குப் புரிஞ்சிருச்சு. ஊருக்குப் புரியணும்ல? கோயில்ல அத்தன பேரு முன்னால திருடன்னு சொன்னீங்க. நாளைக்கு என் பொண்ண 'மோட்டர்சைக்கிள் திருடன் பொண்டாட்டி'ன்னுதான் கூப்பிடுவானுங்க. அடுத்த ஞாயிறு ரெண்டாவது ஓலை. அதே எடத்துல எந்திரிச்சு நின்னு, நீங்க சொன்னது தப்புன்னு உங்க வாயால சொல்லணும். இல்லன்னா இந்தக் கல்யாணம் இல்ல."

"அது முறையில்ல மண்டோர்..." என்று ஃபாதர் இழுத்தார்.

"மொத வாரம் எந்திரிச்சது மட்டும் முறையா ஃபாதர்?"

ஃபாதர் சிலிப்பரை மாட்டப் போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு கோயில் கிறிஸ்துமஸ் பூசை மாதிரி நிரம்பி வழிந்தது. பெடோங்கிலிருந்து வந்திருந்தார்கள், சுங்கை லாலாங்கிலிருந்து வந்திருந்தார்கள், வாசல் பக்கம் மெத்தடிஸ்ட் கோயில்காரர்களையும் பார்த்தேன். எங்கள் பூசைக்கு அவர்களுக்கு என்ன வேலை? வேறொன்றும் இல்லை, நான்தான். முன் பெஞ்சில் பிலோமினா இரண்டு கையையும் கோத்து இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தக் கைகளைப் பார்த்தபோதுதான், நான் இதுவரை கவலைப்பட்டதெல்லாம் என் அட்டை, என் பெயர், என் தலைப்பு என்று உறைத்தது. இங்கே ஒரு பெண்ணின் வாழ்க்கை என் வாயில் இருந்தது.

ஃபாதர் ஓலை வாசித்தார். 'தடை' என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். எழுந்தேன்.

"தடை ஒண்ணும் இல்ல ஃபாதர். அருள்தாஸ் திருடர் இல்ல. மோட்டர்சைக்கிளும் அவரோடதுதான். நான் எழுதின 'கிரிடோ: ஒரு முழுமையான கையேடு' நூல்ல ஐம்பத்து மூன்றாம் பக்கத்தில் 'புதிதாகக் கட்டு' என்று இருப்பதை 'சேர்த்துக் கட்டு' என்று திருத்திப் படிக்கவும்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பாடற்குழுவில் ஒரு பெரியவர் பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றார். உடனே கோயில் முழுவதும் "ஆமென்" என்றது. கம்ப்யூட்டர் புத்தகத்தின் பிழைதிருத்தத்துக்குக் கோயிலே ஆமென் சொன்ன கதை உலகில் வேறெங்கும் நடந்திருக்காது. பிலோமினா தலை குனிந்து சிரித்தாள். மண்டோர் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாவது ஓலையும் வாசிக்கப்பட்டது, கல்யாணமும் நடந்தது.

கல்யாணத்துக்கு முன்பே அருளின் புத்தகம் வெளிவந்தது. தவுக்கே வகுப்புக்கு வாங்கிப் போட்டார். "ஒரு சாமான், ஒரு புக்னு சொன்னீங்களே?" என்று கேட்டேன். "டீச்சர், உங்க புக் இருக்குற வரைக்கும் அந்த புக்கும் வேணும்லா" என்றார். கிரிடோவுக்கு இரண்டாவது புத்தகம் எதற்கு என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதிலை நான் இன்னும் கேட்கவில்லை. முதல் புத்தகத்தை நான் எழுதியிருந்தேன், அதற்குத்தான்.

கல்யாண விருந்தில் அருள் ஒரு பிரதியைக் கொடுத்தார். "கையில மிச்சம் இருக்குறது இது ஒண்ணுதான் டீச்சர். படிச்சிட்டுத் திருப்பிக் குடுத்துடுங்க." வாங்கிக்கொண்டேன். சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு வரி வரியாகத் துருவினேன். ஒரு காற்புள்ளிகூடப் பிசகவில்லை. அதுவே சந்தேகமாக இருந்ததால் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். கொஞ்ச காலத்தில் கிரிடோவே வழக்கொழிந்து போயிற்று. புத்தகம் மட்டும் என் அலமாரியில் தங்கிவிட்டது.

எங்கள் கோயிலில் ஒரு புது வழக்கமும் வந்தது. அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் பெண்கள் பக்கத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்காரத் தொடங்கினார். ஓலை வாசிக்கத் தொடங்கினால் என் முந்தானை நுனியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொள்வார். முதலில் சிரித்தவர்கள் பிறகு தாங்களும் ஜோடி ஜோடியாக உட்காரத் தொடங்கினார்கள். ஃபாதர்கள் மாறினாலும், வருகிறவர்கள் எல்லோரும் 'தடை' வந்ததும் ஒரு கணம் நிறுத்தி என் பெஞ்சைப் பார்ப்பார்கள். அந்தத் தகவல் பங்குக் கோப்போடு சேர்ந்து கைமாறுகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பல வருடம் கழித்து என் மகளுக்கு ஓலை வாசித்த ஞாயிறு, கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. பெற்ற மகளுக்கே இவள் எழுந்தாலும் எழுவாள் என்று நினைத்திருப்பார்கள். முன் பெஞ்சில் என் மகள், "அம்மா, ப்ளீஸ்" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். என் வீட்டுக்காரர் முந்தானையை இரண்டு சுற்று சுற்றிப் பிடித்தார். நான் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். புது ஃபாதர், இளைஞர், 'தடை' என்று சொல்லி நிறுத்தினார்.

ஆர்மோனியத்துக்குப் பின்னாலிருந்து ஒருவர் எழுந்து நின்றார். தலை நரைத்த அருள்தாஸ்.

"ஒரு தடை இருக்கு ஃபாதர்."

என் மகள் வெளிறிப் போனாள். ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் பிலோமினா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"பொண்ணோட அம்மா எங்கிட்ட வாங்கின புத்தகத்த இன்னும் திருப்பித் தரல."

கோயில் குலுங்கியது. ஃபாதரே மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து நின்று ஒரு பதில் சொல்லாமல் விடுவதா? எழுந்தேன். பாதிதான் எழ முடிந்தது. முந்தானை என் வீட்டுக்காரர் கையில் இருந்தது.

அந்தப் பாதி உயரத்திலேயே நின்றுகொண்டு சொன்னேன். "குடுக்கிறேன், குடுக்கிறேன். இன்னும் தப்பு கண்டுபிடிச்சு முடிக்கல!"

இன்றும் எங்கள் குடும்பத்தில் யாராவது எதையாவது கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்காவிட்டால் இதைத்தான் சொல்கிறார்கள். என் பேரன் பக்கத்து வீட்டுப் பையனின் பந்தை வைத்துக்கொண்டு நேற்று இதையே சொன்னான். புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.